கூட்டுக் கதவும் பழைய ஆறு மணியும்

கோழிக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியாது. தொண்ணூற்றாறாம் ஆண்டு வைகாசியில் இதை அரசாங்கத்துக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளச் சொன்னார்கள். நாங்கள் தள்ளினோம். திருகோணமலைக் குடாவுக்கு அப்பால், இயக்கத்தின் கையில் இருந்த ஊர்களில் தள்ளவில்லை. இங்கே ஐந்து மணிக்கு வள்ளம் ஏறினால் அங்கே நாலரைக்கு இறங்கலாம். நான் அப்படிப் போய் அரை மணி இளமையாகியும் இருக்கிறேன்.

எங்கள் ஒழுங்கை கடற்கரையில் முடிகிறது. முடிகிற இடத்தில் இராணுவக் காவலரண். ஆறு மணிக்குப் பிறகு வளவிலோ கரையிலோ ஒரு தலை தெரியக் கூடாது என்பது கட்டளை. பழைய நேரத்தில் அது பொருந்தி வந்தது. கோழியும் அடையும், நானும் அடைவேன். புது நேரத்தில் ஆறு மணிக்கு வெயில் முதுகைச் சுட்டது. கோழி கூட்டுக்கு வர இன்னும் ஒன்றேகால் மணி கிடந்தது. நான் உள்ளே, கோழி வெளியே, கீரி நடுவில். தானாகச் சாத்துகிற கதவு எனக்குத் தேவைப்பட்டது இதனால்தான். விசாரணைக்கென்று நீங்கள் எழுதித் தரச் சொன்னது பக்கத்து வளவுக் கனகரத்தினத்தின் சாவைப் பற்றி என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கதவைச் சொல்லாமல் அவனைச் சொல்ல ஏலாது.

முதலில் ஒரு சேவலைக் கதவு சாத்தப் பழக்கினேன். வடிவாகச் சாத்தியது. ஆனால் வெளியே நின்று சாத்தியது. பிறகு நுளம்புத்திரியைக் கொளுத்தி, அது எரிந்து நூலை அறுத்ததும் கதவு விழும்படி வைத்துப் பார்த்தேன். கடற்காற்றில் திரி வேகமாக எரிந்து, கதவு பின்னேரம் மூன்று மணிக்கே விழுந்துவிட்டது. அடியில் துளையிட்ட தண்ணீர்ப் பேணி ஒன்றும் வைத்தேன். தண்ணீரைக் காகம் குடித்துவிட்டது. கடைசியில் கிண்ணியாவுக்குப் போய், அபூதாஹிரின் பழைய சாமான் கடையில் இரண்டு மணிக்கூடுகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்று பெற்றறி போடுவது, மற்றது சாவி முறுக்குவது.

“ஐயா, பெற்றறி மணிக்கூட்டில நூலும் கட்டிக்கொண்டு ஆமிச் சென்றியைத் தாண்டப் போறீங்களோ?” என்றார் அபூதாஹிர். “குண்டெண்டு பிடிச்சு, கோழிக்குப் பதிலா உங்களைத்தான் கூட்டுக்குள்ள போடுவானுகள். வித்த என்னையும் சேர்த்து.”

சாவி முறுக்குவதையே வாங்கினேன். அலாரம் அடிக்கும்போது அதன் பின்பக்கத்துச் சாவி தானே சுழலும். அதில் நூலைச் சுற்றி, நூலின் மற்ற முனையில் ஓர் ஆணியைக் கட்டி, அந்த ஆணியில் தகரக் கதவைத் தொங்கவிட்டேன். மணி அடிக்கும், சாவி சுழலும், ஆணி கழலும், கதவு விழும். மணிக்கூட்டைப் பழைய நேரத்திலேயே விட்டு, அலாரத்தை ஆறரைக்கு வைத்தேன். இப்படியொரு கதவு திருகோணமலையில் வேறெங்கும் இருக்கவில்லை. இது புளுகு அல்ல.

ஒழுங்கைச் சனம் பார்க்க வந்தது. கனகரத்தினமும் வந்தான். வீச்சுவலை எறிந்து, மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தவன். எல்லாரும் வாயைப் பிளந்து நின்றபோது அவன் தலையைச் சொறிந்தான்.

“மாமா, கடைசிக் கோழி வந்திட்டுதோ இல்லையோ எண்டு மணிக்கூட்டுக்கு எப்பிடித் தெரியும்?”

சனம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

மறுநாட் காலை ஒரு பேட்டுக் கோழியைக் காணவில்லை. “நான் நேற்றே சொன்னனான், வெளியில மாட்டுப்பட்டிருக்கும்” என்றான் கனகரத்தினம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டிலிருந்து கோழிக்கறி மணத்தது. கதவில் பிழையில்லை என்றால் பேடு அவன் சட்டிக்குள்தான் போயிருக்க வேண்டும். நிதானமாக யோசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன். மூன்று கிழமை கழித்து அந்தப் பேடு நாகதாளிப் பற்றைக்குள்ளிருந்து ஒன்பது குஞ்சுகளோடு வெளியே வந்தது என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். நான் எதையும் மறைத்ததாக இருக்கக் கூடாது.

புது நேரம் என் கோழியை மட்டும் கெடுக்கவில்லை. வெயில் தாழ்ந்த பிறகுதான் திரளி மீன் கரையை அண்டும். புது ஆறு மணிக்கு மீன் ஆழத்தில் நிற்க, கனகரத்தினம் வெறும் வலையோடு வீட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. ஒரு கிழமையாக அவன் வீட்டில் கஞ்சி. நான் காவலரணுக்குத் தினமும் காலை முட்டை கொடுப்பவன் என்பதால் என்னிடம் வந்தான்.

“மாமா, அவங்கள் சொல்லுற ஆறு பழைய ஆறோ, புது ஆறோ? ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ. பழைய ஆறெண்டால் எனக்கு ஒரு மணித்தியாலம் கிடைக்கும். அது காணும்.”

நியாயமான கேள்வி. மறுநாள் முட்டையோடு போய்க் கேட்டேன். திரும்பி வந்தபோது அவன் வேலியடியில் நின்றான்.

“பழைய ஆறுதான்” என்றேன்.

“இது உங்கட புளுகு இல்லைத்தானே?”

“கோணேசர் அறியச் சொல்லுறன்.”

அவன் முகம் விரிந்தது. “அப்ப உங்கட கூட்டு மணிக்கூட்டைப் பாத்து வலையைச் சுருட்டினால் சரி. உந்தக் கதவைப் பகிடி பண்ணினதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமா. முதல் வலைப்பாட்டில வாற மீன் உங்களுக்கு.”

அந்தப் பின்னேரம் புது நேரம் ஆறு அடிக்க நான் உள்ளே போய்க் கதிரையில் இருந்தேன். யன்னலால் கரை தெரியும். கனகரத்தினம் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை எறிந்தான். இரண்டாவது வலைப்பாட்டில் மீன் பட்டிருக்க வேண்டும். வலையைக் கனத்தோடு இழுத்தான். கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவன் காதில் விழுகிற தூரம்தான். யன்னலைத் திறந்தால் எனக்கும் ஆபத்து என்று பிறகு நினைத்தேன். இரண்டு வெடி கேட்டது. கோழிகள் ஒருமுறை எழும்பிக் கத்தின; பிறகு கிளறத் தொடங்கின. ஒன்றேகால் மணி கழித்துக் கதவு சொன்ன நேரத்துக்கு விழுந்தது. அன்று எல்லாக் கோழியும் உள்ளே இருந்தன.

அவனை ஒரு மணித்தியாலம் மணலில் முழந்தாளில் விடுவார்கள், அவ்வளவுதான் என்று நான் எண்ணியதாக இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். முன்பு நின்ற காவற்காரர் அப்படித்தான் செய்வார்கள். விசில் ஊதுவார்கள், ஏசுவார்கள், விடுவார்கள்.

எட்டாம் நாள் அவனுடைய மனைவி புஷ்பவதி வந்தாள்.

“மாமா, அவங்கள் சொன்னதை நீங்கள் பிழையா விளங்கிட்டியளோ?”

“ஓம் பிள்ளை. எனக்குச் சிங்களம் அரைகுறை.”

“நீங்கள் என்ன செய்வியள்” என்று அவள் என்னைத் தேற்றினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் சாப்பிட்டேனா என்றும் கேட்டாள். சாப்பிடவில்லை என்றேன். போய்க் கஞ்சி கொண்டுவந்து தந்தாள். குடித்தேன்.

நான் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். கிரேனுக்குக் கீழே நின்று சிங்களத்தில்தான் ஏசினேன், சிங்களத்தில்தான் பகிடி விட்டேன். நான் முட்டையோடு கேட்கப் போன அன்று காலை காவலரணில் நின்றது முந்தின நாள் வந்திறங்கிய புதுப் பொடியன். நான் கேட்டதற்குத் தன் கைக்கடிகாரத்தைக் காட்டி, “அலுத் வெலாவ” என்றான். புது நேரம். ஆறுக்குப் பிறகு கரையில் ஆள் நின்றால் கூப்பிடமாட்டோம், நேரே சுடுவோம், அதுதான் தங்களுக்கு வந்த உத்தரவு என்றான். ஊராருக்கு விளங்கப்படுத்தி விடு, அப்பாவி யாரும் செத்துப் போகக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சொன்னான். விளங்கியதைத் திருப்பிச் சொல்லச் சொன்னான். ஒரு சொல்லும் பிசகாமல் திருப்பிச் சொன்னேன்.