தூக்கிய இடது கை

பெயர்: மார்லிஸ் ட்வைட். வயது 34. முகவரி: 212, எல்ம் தெரு, கார்விக், நெப்ராஸ்கா மாநிலம். கார்விக் கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகளாகக் காவலர். என் வழக்கறிஞர் புரூயிட் வேண்டாமென்று தடுத்தும், மாநிலப் புலனாய்வாளர் ரென்னர் முன்பு என் விருப்பத்தின்பேரில் சொல்வது:

அக்டோபர் 9, பிற்பகல் இரண்டு மணிக்கு நானும் என் ரோந்துக் கூட்டாளி டாரெல் ஓக்விஸ்டும் (வயது 51) வேட் கெஸ்லரைக் கைது செய்ய அவன் பண்ணைக்குப் போனோம். மனைவியின் தாடையை உடைத்த வழக்கு. வழியில், காரிலேயே, முட்டைக்கோஸும் மாட்டிறைச்சியும் அடைத்த ரொட்டி சாப்பிட்டோம். டாரெல் வழக்கம்போல என் ஒன்பது மில்லிமீட்டர் துப்பாக்கியைக் கிண்டல் செய்தார்.

"பொடிசு, அத வெச்சு கொசுதான் அடிக்கலாம். என் நாப்பத்தஞ்சு காலிபர்ல ஒரு குண்டு போதும், ஆளு மல்லாந்துடுவான்."

"மொதல்ல சட்டையில ஒட்டியிருக்கற கோஸத் தொடச்சுக்க, பெருசு," என்றேன்.

அதன் பிறகு பண்ணைக்குள் நுழைந்து இறங்கினோம். கெஸ்லர் டிராக்டர் கொட்டகையிலிருந்து கைத்துப்பாக்கியுடன் வந்தான். டாரெல் முதலில் சுட்டார். நெஞ்சில் பட்டது. அவன் மல்லாந்து விழவில்லை. குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். பிறகு சுட ஆரம்பித்தான்.

அந்த முதல் குண்டு இதயத்தைத் துளைத்திருந்ததாகப் பிணப் பரிசோதனை மருத்துவர் பிற்பாடு சொன்னார். மூளையில் மிச்சமிருந்த இரத்தம் பதினைந்து வினாடி தாங்குமாம். இனி பண்ணையில் நடந்ததாக நான் சொல்வதெல்லாம் அந்தப் பதினைந்து வினாடிகளுக்குள் நடந்தது.

நானும் சுட்டேன். அப்போது டாரெலின் துப்பாக்கி குண்டு சிக்கிச் சுடாமல் நின்றது. எங்கள் பயிற்சி மைதானத்தில் ஒரு விதி உண்டு. துப்பாக்கி சிக்கினால் நாமே சரிசெய்யக் கூடாது, இடது கையைத் தூக்கிப் பயிற்சியாளர் வரும்வரை நிற்க வேண்டும். மீறியவர்களைப் பயிற்சியாளர் சார்ஜென்ட் ரூயல் ஸ்டாம் எல்லோர் முன்னாலும் வெளியேற்றுவார். டாரெல் இருபத்திரண்டு ஆண்டுகள் அந்த விதிப்படி நின்றவர்.

அன்றும் இடது கையைத் தூக்கினார். ஸ்டாம் வழக்கமாக நிற்கும் பக்கம் தலையைக்கூடத் திருப்பினார்.

குண்டு துளைக்காத காப்புச்சட்டை அக்குளை மறைக்காது. கெஸ்லர் அங்கே சுட்டான்.

அதன் பிறகு என் வலது முன்கையில் சுட்டான். நான் துப்பாக்கியை இடது கைக்கு மாற்றிச் சுட்டேன். அவன் டிராக்டர் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். அவன் துப்பாக்கி எட்டாத தூரத்தில் கிடந்தது. இடது கையைத் தூக்கினான்.

"போதும், போதும்," என்றான்.

எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம்: எதிராளி தாக்குவதை நிறுத்தும்வரை சுடுவதை நிறுத்தாதே. அவன் நிறுத்திவிட்டான் என்று எனக்குத் தெரியும். அந்தக் கையைப் பார்த்தேன். சுட்டேன்.

மருத்துவமனைக்கு ஸ்டாம் பூங்கொத்துடன் வந்தார். டாரெல் கையைத் தூக்கியதைச் சொன்னேன். "டாரெல் அப்படிக் கைய தூக்கியிருக்கவே மாட்டான். நீ கொழம்பிட்ட, மார்லிஸ்," என்றார். அலுவலக அறிக்கையில் டாரெல் மறைவிடம் தேடி ஓடும்போது இறந்ததாக இருக்கிறது. டாரெல் ஓடவில்லை.

புரூயிட் சொன்னது: "குண்டு பட்டவன் ஒடனே விழமாட்டான்னு ஊருக்கே தெரியும். கெஸ்லர் கை அசைஞ்சுது, பயந்து சுட்டேன்னு சொல்லு, வீட்டுக்குப் போயிடலாம். டாரெல் கையப் பத்திப் பேசாத. பேசினா, பழிவாங்கத்தான் சுட்டேன்னு நீயே எழுதிக் குடுத்த மாதிரி."

சரிதான். பழிவாங்கத்தான் சுட்டேன். வருத்தமில்லை. ஆனால் நான் வீட்டுக்குப் போனால் டாரெலின் கை எந்தத் தாளிலும் இருக்காது, ஸ்டாம் வரும் வசந்தத்திலும் அதே விதியுடன் மைதானத்தில் நிற்பார். எனக்குச் சிறை கிடைக்கட்டும். விசாரணையில் அவரையும் சாட்சிக் கூண்டில் ஏற்றுவார்கள். எல்லோர் முன்னாலும். ஸ்டாமின் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதச் சொன்னேன். எழுதியதைப் பார்த்தேன்.

இதுவரை உள்ளது நான் சொன்னது. வாசித்துக் காட்டினார்கள். ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லவில்லை. அதன் பிறகு ரென்னர் கையை உயர்த்தி உறுதிமொழி எடுக்கச் சொன்னார். வலது கை மாவுக்கட்டில் இருப்பதால் இடது கையை உயர்த்தினேன். அவர் இறக்கச் சொல்லும்வரை இறக்கவில்லை.

(இடது கையால்) மா. ட்வைட்