கல்வெட்டுக்கு ஒரு ராப்

வோபர்ன் பக்கம் போகும் பஸ்ஸில், வேலை முடிந்து வந்த இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள். இளையவர் சொன்னார்:

"அம்மான்ரை கல்வெட்டுக்கு நான் ராப் எழுதுறன், அக்கா."

கல்வெட்டு என்பது ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் சடங்கில் கொடுக்கும் நினைவுப் புத்தகம். அதில் பிள்ளைகளின் புலம்பலை ஒரு புலவரைக் கொண்டு எழுதுவிப்பது வழக்கம்.

"விசரே உமக்கு? சனம் சிரிக்கும்."

"அப்பாவுக்குப் புலவர்தான் எழுதினவர். 'தந்தையே, எமைத் தவிக்கவிட்டீரோ' எண்டு. நான் அப்பாவை ஒருநாளும் தந்தையே எண்டு கூப்பிடேல்லை. வாசிக்க அழுகையும் வரேல்லை."

"ராப்பிலை வருதோ?"

"மகன்ரை காரிலை கேக்கேக்கை, ஆரையோ ஏசுறாங்கள் எண்டுதான் நினைச்சனான். பாத்தால் ஒருத்தன் தாயிட்டை மன்னிப்புக் கேக்கிறான். எனக்கும் அம்மாட்டைக் கேக்கவேணும் போலை கிடந்தது. குரல்தான் தகரம். குளிக்கேக்கை சொல்லிப் பாத்தன். இவர் கதவைத் தட்டி, வழுக்கி விழுந்திட்டீரோ எண்டு கேட்டார்."

"சரி, மெல்லமாச் சொல்லும் பாப்பம்."

இளையவர் சாப்பாட்டுப் பையில் தாளம் தட்டினார்.

"சாப்பிட்டியோ எண்டு போனிலை கேப்பா அம்மா,
பஸ் வந்திட்டுது எண்டு வைப்பன் சும்மா.
வராத பஸ்ஸுக்கு எத்தினை பொய்,
இனி ஆருக்குச் சொல்லுறது மெய்?"

இறங்குவதற்காக மணிக்கயிற்றைப் பிடித்திருந்த மூத்தவர் கையை எடுத்தார்.

"அக்கா, உங்கடை ஸ்டொப் போகுது."

"போகட்டும். மிச்சத்தைச் சொல்லும்."

"மிச்சம் இன்னும் எழுதேல்லை."

"அப்ப முதலிலை இருந்து சொல்லும்."