வெங்காயமா, கனகு?

வெங்காயம் நறுக்கினால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வராது, மேடம். பெரிய வித்தை ஒன்றுமில்லை. என் இந்தி அரைகுறை, மெதுவாகவே சொல்கிறேன். முதலில் வெங்காயத்தைக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். கத்தி நன்றாகத் தீட்டியிருக்க வேண்டும். வேர்ப்பக்கத்தைக் கடைசிவரை தொடக் கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு அதன் பக்கத்தில் நின்றால் சரி. எதிர்வீட்டு ஷபானாவுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

என் வீட்டுக்காரர் பாஸ்கர் நல்ல மனிதர். ரஞ்சன்காவ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். குடி கிடையாது, கை நீட்டியதும் கிடையாது. என் கண் கலங்கியிருந்தால் மட்டும், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், "வெங்காயமா, கனகு?" என்பார். கோயம்புத்தூரில் அப்பா இறந்துவிட்டதாக ஃபோன் வந்த அன்றும் அதையேதான் கேட்டார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு உப்புமா கிண்டினேன்.

அதற்குப் பிறகுதான் இந்த வித்தையெல்லாம் பழகினேன். வெங்காயத்துக்கு அழாதவள் அழுதால், வேறு ஏதாவது கேட்டுத்தானே ஆக வேண்டும்? அவர் கேட்கவில்லை. வீட்டில் வெங்காயமே இல்லாத நாளிலும், "வெங்காயமா, கனகு?" தான்.

அவருக்கு ஆஸ்துமா. நேற்று வார லீவு. படுக்கையறையில் இழுப்பு வந்து அவர் கூப்பிட்டது, ஃபேன் இரைச்சலில் காதில் விழவில்லை என்று முதலில் சொன்னேன். நீங்கள் ஸ்டேட்மென்ட் எழுதுவதை நிறுத்திவிட்டு, "கல் தோ குருவார் தா" என்றீர்கள். ஆமாம், நேற்று வியாழக்கிழமை. விஷ்ராந்த்வாடியில் எங்கள் பக்கம் மராமத்துக்காகக் கரண்டை நிறுத்தும் நாள். ஃபேன் எங்கே ஓடும்? பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிட்டது.

காதில் விழுந்தது, மேடம். வீடு நிசப்தமாக இருந்தது. "கனகு, பஃப் எங்க வெச்சே?" என்றார். அப்புறம் பெயர் மட்டும். இழுப்புக்கு வாயில் அடிக்கும் அந்த பஃப் ஃபிரிட்ஜில், காய்கறி ட்ரேயில், வெங்காயத்துக்கு அடியில் இருந்தது. காலையில் நானே வைத்தேன். சாகடிக்க வேண்டும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. ஒரே ஒரு தடவை என் முகத்தைப் பார்த்து, ஏன் அழுகிறாய் என்று கேட்கட்டும், உடனே எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது.

அப்படியென்றால் சமையலறை வாசலில் ஏன் கிடந்தார் என்று கேட்கிறீர்கள். உங்கள் கண்ணுக்கு எதுவும் தப்பாது போலிருக்கிறது.

சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்தார். மூச்சே விட முடியாத மனிதர், "எதுக்கு... அழுவுற... கனகு?" என்றார்.

"வெங்காயங்க" என்றேன். மிச்சத்தையும் நறுக்கி முடித்தேன்.

ஷபானா வந்தபோது என் கண் சிவந்திருந்ததாமே. இருக்காதா பின்னே, ஃபேன் ஓடவில்லையே, மேடம்.