புழுத்தோலும் சுண்ணாம்பும்

கிரேஸி: நயீம் பாய், இங்க வாங்க... இந்த டம்ளரப் பாருங்க. பொடிய வினிகர்ல போட்டு ஒரு மணி நேரம் ஆச்சு. கரையவே இல்ல.

நயீம்: நல்லா கலக்கினியாம்மா?

கிரேஸி: காலேஜ் லேப்ல பன்னெண்டு வருசமா கலக்கறேன். எனக்கே பாடமா?

நயீம்: கோச்சுக்காத... கல்லு மாதிரி அப்டியே கெடக்குதே.

கிரேஸி: கரைஞ்சாத்தான் தோல்சாலைக் கழிவுத் தண்ணில இருக்கற குரோம விஷத்தப் புடிக்கும். இல்லன்னா இது வெறும் பட்டுப்புழுத் தோலு. ஆமா... கடைசி வேக்காட்டுக்கு இன்னா போட்டீங்க?

நயீம்: நீ சொன்னதுதான்...

கிரேஸி: பாய்...

நயீம்: சுண்ணாம்பு.

கிரேஸி: ஐயோ கர்த்தரே! காஸ்டிக் சோடான்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே!

நயீம்: அதத் தொட்டாலே கை வெந்துடுது. தோலுன்னா சுண்ணாம்புதானேம்மா? முப்பது வருசம் சுண்ணாம்புக் குழில நின்னவன் நான். எத்தன ஆயிரம் ஆட்டுத்தோலு...

கிரேஸி: அது ஆடு. இது புழு! சுண்ணாம்புக்கெல்லாம் மசியாது.

நயீம்: இத்தினூண்டு புழுவுக்கு இவ்ளோ திமிரா?

கிரேஸி: சிரிக்காதீங்க, எரிச்சலா வருது. நாளைக்கு உங்க தோல்சாலை முதலாளி வர்றாரு. தண்ணிய சுத்தம் பண்ணலன்னா தோல்சாலைய நடத்தக் கூடாதுன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. அவரு கண்ணு முன்னால தண்ணி தெளிஞ்சாத்தான் நம்ம பொடிய வாங்குவாரு. இல்லன்னா இந்த மாதனூர் கொட்டாய இழுத்து மூட வேண்டியதுதான்.

நயீம்: ஒடுகத்தூர்லருந்து வந்த புழு மிச்சம் இருக்குதா?

கிரேஸி: பட்டுநூல் எடுத்துட்டுக் குடுத்தது... அரை மூட்ட இருக்கும்.

நயீம்: அதுவே ஜாஸ்தி. எடு, மொதல்லருந்து ஆரம்பிப்போம்.

கிரேஸி: முழுசா ரெண்டு நாளு கிண்டணும் பாய், அவரு வர்றது நாளைக்கு.

நயீம்: கிண்டறேன். கையுறை எங்க?

கிரேஸி: பாய்... ஒண்ணு சொல்லணும்.

நயீம்: அப்புறம் சொல்லு, அடுப்பு...

கிரேஸி: இல்ல, இப்பவே. நாளைக்கு யாரும் வரல. புழுப்பொடியெல்லாம் வேணாம்னு உங்க முதலாளி போன வாரமே சொல்லிட்டாரு. சொன்னா நீங்களும் வுட்டுட்டுப் போய்டுவீங்களோன்னு... பயந்துட்டேன்.

நயீம்: தெரியும்மா. உனக்காக அவருகிட்ட சண்ட போட்டுத்தான் என் வேலையும் போச்சு. நாலு நாளாச்சு, உன்கிட்ட நானும் சொல்லல. ஆம்பூர்ல அவரு ஒருத்தர்தானா தோல்சாலை வெச்சிருக்காரு? அந்தக் காஸ்டிக்க எடு.