வெள்ளைக் கொழுப்பு

புல் மேய்ந்த மாட்டின் கொழுப்பு மஞ்சளாக இருக்கும், அதிகாரி ஐயா. தெரியாதவர்கள் பழைய இறைச்சி என்று ஒதுக்குவார்கள். தெரிந்தவர்கள் அதற்காகவே எங்களைத் தேடி வருவார்கள். தக்வாரெம்போவில் எங்கள் லார்ரால்தே குடும்பம் மூன்று தலைமுறையாகப் புல்லைத் தவிர வேறெதையும் மாட்டுக்குப் போட்டதில்லை. தலைநகர் மோந்தேவிதேயோவுக்குப் போகும் ஒவ்வொரு இறைச்சிப் பொட்டலத்திலும் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறோம்.

இரண்டு வருடம் மழையில்லை. மாடுகள் எடை ஏறவில்லை. காத்திருக்கலாம் என்றேன். என் மகன் இலாரியோவுக்குப் பொறுமை இல்லை.

ஒரு ஞாயிறு, தணலில் வாட்டிய விலாவில் வழக்கம்போல் முதல் துண்டை நான் அறுத்தேன். கொழுப்பு வெள்ளையாக இருந்தது.

"என்னடா இது?"

"வறட்சிப்பா. பச்சையே இல்லாதப்ப மஞ்சள் எங்கேருந்து வரும்?"

நம்பினேன். மறுநாள் மேய்ச்சல் நிலத்தில் சாணத்தைக் குச்சியால் கிளறினேன். செரிக்காத மக்காச்சோளம். ஆட்டுக் கம்பளி வைக்கும் கொட்டகைக்குப் பின்னாலிருந்த தகரக் குதிரில் உரம் இருப்பதாகச் சொல்லியிருந்தான். திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் சோளம்.

"பொட்டலத்துல நம்ம பேரு இருக்குடா."

"பேரத் தின்னா மாடு கொழுக்குமா? நீங்களும் வெறும் புல்லத் தின்னு பாருங்கப்பா, எத்தன நாளு தாங்குறீங்கன்னு பாப்போம்." சிரித்தான். பிறகு என் தோளைத் தொட்டான். "மழை வந்ததும் நிறுத்திடுறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

வியாழக்கிழமை, புல் மட்டுமே போடுகிறோம் என்று சான்றிதழ் தரும் ஆய்வாளர் வரவேண்டும். புதன் காலை குதிரில் சோளம் கட்டிதட்டி இறங்காமல் நின்றது. இலாரியோ குதிருக்குள் இறங்கி, சோளத்தின் மேல் நின்று கம்பியால் குத்தினான். நான் கீழ்க்கதவைத் திறந்தேன். ஆய்வாளர் வருமுன் சோளத்தை வெளியேற்ற வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். ஓடும் சோளம் ஆளை உள்ளே இழுக்கும் என்பது எனக்குத் தெரியும். பக்கத்துப் பண்ணையில் ஒருவன் அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

"கீழ யாரு? அப்பாவா? மூடுங்கப்பா, இடுப்பு வரைக்கும் போயிடுச்சு."

கதவின் பிடி என் கையில்தான் இருந்தது. இன்னொரு முறை அப்பா என்றான். பிறகு சோளம் கொட்டும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது.

குதிர் காலியானபின் அவன் வாயிலிருந்த சோளமணிகளை விரலால் எடுத்தேன். முகத்தைக் கழுவினேன். அவன் குழந்தையாக இருந்தபோதுகூட நான் கழுவியதில்லை. சோளத்தை டிராக்டரால் தள்ளிப் புதைத்துவிட்டு, அவனை ஓடைக்கரையில் கிடத்தினேன். சவாரியில் குதிரை கீழே தள்ளிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். தொண்டைக்குள் போனவற்றை உங்கள் மருத்துவர் எடுத்துவிட்டார்.

என் மகனை நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கமாட்டேன். மக்காச்சோளத்தைப் பற்றி மட்டும் ஒரு வரியும் வேண்டாம், ஐயா. செத்த பிள்ளையைப் பொய்யன் என்று ஊர் பேசினால், பெற்றவன் எப்படித் தாங்குவேன்?