தீபாவளிக்கு மட்டும் காலி

தை இரண்டாம் வெள்ளி என்று தேதியிட்ட என் குறிப்பிலிருந்து: சிவகாசியிலிருந்து விருதுநகர் போகும் பேருந்து. முன் இருக்கையில் ஓர் இளைஞரும் அவருடைய அக்கா கணவரும். பெரிய டீக்கடைக் கம்பெனி ஒன்றின் கிளை எடுக்க, கடை வாடகைக்குக் கையெழுத்துப் போடப் போகிறார்கள்.

"தீபாவளிக்கு மட்டும் ரெண்டு மாசம் காலி பண்ணிக் குடுக்கணும் மச்சான். ஓனரு அங்கன வெடிக்கடை போடுவாராம்."

"அந்த ரெண்டு மாச வாடகை?"

"நாமதான். வருச அக்ரிமெண்டுல்ல."

"இம்புட்டு வாடகை கட்டுபடியாகும்னு எப்படிக் கணக்குப் போட்ட?"

"போன தீபாவளி சீசன்ல ரோட்டுல நின்னு பாத்தேன். வெடி வாங்க வந்த காரு அம்புட்டும் டீக்கு நின்னுச்சு."

"கூட்டம் வரும்போது கடை உனக்கு இல்ல. கடை உனக்கு இருக்கும்போது கூட்டம் இல்ல. டீய யாரு மாப்ள குடிப்பா?"

"நீங்க வருவீகல்ல?"

"வாரேன். அட்வான்சுக்கு அடகு வச்ச உங்கக்கா சங்கிலிய மீட்டுக் குடு, அன்னைக்கு வாரேன்."

"சாட்சிக் கையெழுத்துக்கு இப்பவே வந்துட்டீகளே மச்சான்!"

பின்னிருக்கையில் யாரோ சிரித்தார்கள். விருதுநகரில் இறங்கும்போது மச்சான் தன் சட்டைப்பைப் பேனாவை உருவி, வேட்டி மடிப்புக்குள் மறைத்துச் செருகிக்கொண்டார். கையெழுத்து விழுந்ததா என்பதை நான் இன்னும் உறுதிசெய்யவில்லை.