அத்தர் அருளாண்டி குடிச்ச கஞ்சி

ரயிலு வராத காலம், ரோட்டுக்குத் தார் தெரியாத காலம். கடலோரமா சிப்பியளம்னு ஒரு ஊரு. அங்கே உப்பளத்துல உப்பு வாரிப் பிழைச்சா சவரியாயின்னு ஒருத்தி. நம்ம பூட்டிக்கும் பூட்டி.

அப்போ அத்தர் அருளாண்டின்னு ஒரு திருடன் இருந்தானாம். சாதாரணத் திருடனா? வெள்ளை ஜிப்பா, கறுப்புக் குடை, காதுல அத்தர்ப் பஞ்சு. பட்டப்பகல்ல வருவானாம். கும்பிடு போட்டுத்தான் உள்ளே நுழைவானாம். பெட்டியைத் துடைச்செடுத்த பிறகு, "போயிட்டு வாரேன்"னு சொல்லிக்கிட்டுத்தான் கிளம்புவானாம். அவனுக்கு ஒரே ஒரு கட்டு: உப்புத் தின்ன வீட்டுல கை வைக்க மாட்டானாம்.

அது தெரிஞ்சதும் ஊரே மாறிப்போச்சாம். முகம் தெரியாத ஆளா? உட்காரு, சாப்பிடு! பாவம், ஒரு வளையல்காரர் வீட்டுக்கு வீடு தின்னு, வளையலும் விக்காம, எழுந்திருக்கவும் முடியாம, கோயில் வாசல்ல உருண்டு கிடந்தாராம்.

ஒரு நாள் உச்சிவெயில். சவரியாயி அளத்துல இருந்து அப்பதான் வந்து நிக்கிறா, கைகூடக் கழுவலை. வாசல்ல ஒரு கும்பிடு. கூடவே அத்தர் வாசம்.

அவ பார்வை நேரா தொட்டிலுக்குப் போச்சாம். தொட்டில்ல பிள்ளை. பிள்ளை இடுப்புல பொன் அரைஞாண், தோணியேறிப் போய் இன்னும் திரும்பாத புருஷன் கட்டிவிட்டது. வேற என்ன இருக்கு அவகிட்ட?

"வாங்க அண்ணாச்சி, கஞ்சி குடிங்க"ன்னு சட்டியை நீட்டிட்டா. நீட்டின பிறகுதான் ஞாபகம், உப்புச் சாடி காலி! அளத்துல மலை மலையா உப்பு. ஆனா மடியில ஒரு கல்லு இருந்தாலும் முதலாளி வேலையை விட்டுத் தூக்கிருவான்.

'மாதாவே, இவன் நாக்கு மரத்துப் போகட்டும்.'

அருளாண்டி ஒரு வாய் குடிச்சான். கண்ணை மூடினான்.

"தங்கச்சி, சொல்லவே சங்கடமா இருக்கு. உப்பு இல்லையே."

"இல்லையா அண்ணாச்சி?"

"ஒரு கல்லுகூட இல்லை. அப்போ நான் கட்டுப்பட்டவன் இல்லை, பாரு." தொட்டில் பக்கம் திரும்பி, "மருமகனே, மன்னிச்சுக்கோ"ன்னானாம்.

அந்த 'மருமகனே'யைக் கேட்டதும் அவளுக்குப் பயம் போய் வெறி வந்துச்சாம். விருட்டுனு சட்டிக்குள்ளே மணிக்கட்டு வரைக்கும் கையை விட்டு ஒரு கலக்குக் கலக்கினா.

"அண்ணாச்சி, தங்கச்சி வச்ச கஞ்சியை மிச்சம் வைக்கிறதா பெரிய மனுஷனுக்கு அழகு? குடிச்சிட்டு அப்புறம் எடுங்க."

மரியாதை கெட்டவன்னு பேர் வாங்க அவனால முடியுமா? குடிச்சான். மூஞ்சி கோணிப் போச்சாம். காலையிலிருந்து உப்பு வாரின கை ஆச்சே!

"அடியே, கடலையே கரைச்சிட்டியே!"

"போதுமா அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் கலக்கவா?"

"வேண்டாம் தாயே, இந்தப் பிறவிக்குப் போதும்." குடையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, தண்ணி தண்ணின்னு கிணத்தைப் பார்த்து ஓடினானாம்.

அன்னையிலிருந்து சிப்பியளத்துல விருந்துச் சோத்துக்கு அடுப்படியில உப்புப் போடுறதில்லை. இலை போட்டதும் வீட்டுக்காரி, விருந்தாளி கண்ணு பார்க்க, தன் கையால வைப்பா. "எனக்குப் பிரஷர், உப்பு வேண்டாம்"னு எவனாவது இலையை மறைச்சான்னா அவ்வளவுதான். கரண்டியைக் கீழே வச்சிட்டு, முதல்ல பீரோவைப் பூட்டிட்டுத்தான் குழம்பு ஊத்த வருவா.